"கார்டை எடுக்கல" என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. "போர்டு கார்டை எடுக்க மாட்டேங்குது சார்." மதர்போர்டு பழசு, கார்டு புதுசு, இரண்டுக்கும் ஒத்துப் போகவில்லை, ஆகவே வேறு கம்ப்யூட்டர் வாங்குங்கள் என்பது அதன் பொருள். புதிதாகக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டவுடன் தலையை ஆட்டிவிடுகிறார்கள். நானும் ஒரு முறை ஆட்டினேன். சாஃப்ட்வேர் எஞ்சினியராக இருந்துகொண்டு, அதுவும் போனிலேயே ஆட்டினேன். அந்தக் கதையை எழுதுவதற்குக் காரணம், "எடுக்கல" என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன என்பதும், அவற்றில் பெரும்பாலானவை சில நூறு ரூபாயில் முடிபவை என்பதும்தான்.

2024ஆம் ஆண்டு மே மாதம். திண்டுக்கல்லில் இருக்கும் என் சித்தப்பா வீட்டில் 2013இல் வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று இருந்தது. இன்டெல் கோர் ஐ5 3470 பிராசசர், எச்61 சிப்செட் போர்டு, 4 ஜிபி ராம், பழைய 18.5 அங்குல மானிட்டர். வீட்டுக் கணக்கு எழுதவும், ரயில் டிக்கெட் எடுக்கவும், பாட்டு கேட்கவும் அது போதுமானதாகவே இருந்தது. சித்தப்பா மகள் விஸ்காம் சேர்ந்த பிறகுதான் பிரச்னை ஆரம்பித்தது. அனிமேஷன் பாடத்துக்கு பிளண்டர் என்ற இலவச சாஃப்ட்வேரில் வேலை செய்து காட்ட வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் அது திறக்கவே இல்லை.

காரணம் எளிதானது. 2023 நவம்பரில் வெளியான பிளண்டர் 4.0 பதிப்பிலிருந்து ஓபன் ஜி.எல். 4.3 என்ற கிராபிக்ஸ் வசதி கட்டாயமாகிவிட்டது. ஐ5 3470 பிராசசருக்குள்ளேயே இருக்கும் எச்.டி. 2500 கிராபிக்ஸ், விண்டோஸில் 4.0 வரைதான் தரும். இதற்கு ராம் கூட்டிப் பயனில்லை. தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்பதற்காகக் கிராபிக்ஸ் கார்டு வாங்காதீர்கள். பிரவுசர் திறக்க நேரமாகிறது, எக்ஸெல் நகர மாட்டேன் என்கிறது என்றால் ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. போடுங்கள். வித்தியாசம் அன்றைக்கே தெரியும். 3டி வேலை, வீடியோ எடிட்டிங், கேம்ஸ் இவற்றுக்குத்தான் கார்டு தேவை. எங்கள் வீட்டில் தேவை உண்மையாக இருந்தது.

என் அலுவலக நண்பர் ஒருவர் தன்னிடமிருந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கார்டை 5,000 ரூபாய்க்குக் கொடுத்தார். 2016இல் வெளிவந்த கார்டு, 4 ஜிபி மெமரி. பழைய கம்ப்யூட்டர்களுக்கு அப்போது அதைப் பலரும் சிபாரிசு செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அது அதிகபட்சம் 75 வாட் மின்சாரம்தான் எடுக்கும். மதர்போர்டில் இருக்கும் நீளமான பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டே 75 வாட் வரை தரக்கூடியது என்பதால், இந்தக் கார்டின் பல மாடல்களுக்குத் தனியாகப் பவர் வயர் தேவையில்லை. கார்டை பஸ்ஸில் அனுப்பி வைத்தேன். உள்ளூர்க் கடையில் கொடுத்து மாட்டிக்கொள்ளுங்கள் என்று சித்தப்பாவிடம் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து போன் வந்தது. "ஏம்ப்பா, கடைக்காரர் போர்டு பழசுங்கிறார். கார்டை எடுக்கலையாம். கார்டைக் கழட்டினா டிஸ்பிளே வருது, மாட்டினா போயிடுது. ஸ்லாட் போயிருக்கும்னு சொல்றார்."

நான் எஞ்சினியர் தோரணையில் விசாரித்தேன். கார்டில் உள்ள ஃபேன் சுற்றுகிறதா? சுற்றுகிறது. மானிட்டர் வயரை கார்டில்தான் மாட்டினார்களா? ஆமாம், அதற்கென்று ஒரு கனெக்டர் வைத்து மாட்டிப் பார்த்தார்களாம், அப்போதும் வரவில்லை. நான் இரவு ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டு, பயாஸ் ஒத்துப் போகவில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். புது கம்ப்யூட்டர் வாங்கிவிடலாம் சித்தப்பா என்றேன். கடைக்காரர் 38,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருந்தார். பழைய கேபினட்டை அப்படியே 1,500 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். சித்தப்பா சீட்டுப் பணம் எடுத்து வைத்துவிட்டார்.

அந்தக் கேபினட்டுக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க்கில் பதினோரு வருடப் படங்கள் இருந்தன. எங்கள் அப்பத்தா 2019இல் காலமானார். அவர் உட்கார்ந்து பூ கட்டுகிற வீடியோவும், கடைசிப் பொங்கலில் எடுத்த படங்களும் வேறு எங்கும் கிடையாது. படங்களைக் காப்பி எடுத்துவிட்டுக் கேபினட்டைக் கொடுங்கள் என்று சொன்னேன். சித்தப்பாவுக்கு அது எப்படி என்று தெரியவில்லை. "நீயே வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போப்பா" என்றார். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை திண்டுக்கல் போனேன். ரிப்பேர் செய்வதற்காகப் போகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

படங்கள் வெளி டிஸ்க்குக்குக் காப்பி ஆகிக்கொண்டிருந்தன. மூன்று மணி நேரம் என்று காட்டியது. சும்மா இருக்கிற நேரத்தில் கார்டு இருந்த டப்பாவைத் திறந்தேன். உள்ளே கடைக்காரர் பயன்படுத்திய கனெக்டரும் இருந்தது. ஒரு பக்கம் மானிட்டர் வயர் மாட்டும் நீல நிற வி.ஜி.ஏ., மறு பக்கம் வெள்ளை நிற டி.வி.ஐ. அந்த டி.வி.ஐ. பக்கத்தில் தட்டையான ஒரு பின்னைச் சுற்றி நான்கு மூலையிலும் குட்டிக் குட்டியாக ஏதோ மின்னியது. உற்றுப் பார்த்தேன். நான்கு பின்கள் கட்டிங் பிளேயரால் வெட்டப்பட்டிருந்தன.

முழுக் குழப்பத்துக்கும் விடை அந்த நான்கு துண்டுப் பின்களில் இருந்தது. கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் பழைய கம்ப்யூட்டரில் கார்டு மாட்டும் பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

பழைய மானிட்டர்களில் இருக்கும் 15 பின் கொண்ட நீல நிற வி.ஜி.ஏ. என்பது அனலாக் முறையில் இயங்குவது. திரையில் தெரிய வேண்டிய நிறங்கள் மின்னழுத்த ஏற்ற இறக்கமாகவே வயரில் போகும். எச்.டி.எம்.ஐ., டிஸ்பிளே போர்ட் ஆகியவை டிஜிட்டல். டி.வி.ஐ. இரண்டுங்கெட்டான். டி.வி.ஐ.-ஐ என்ற வகையில் டிஜிட்டல், அனலாக் இரண்டும் வரும். டி.வி.ஐ.-டி என்ற வகையில் டிஜிட்டல் மட்டும்தான். அனலாக் சிக்னல் போவது அந்தத் தட்டையான பின்னைச் சுற்றியுள்ள நான்கு சிறிய பின்கள் வழியாகத்தான். டி.வி.ஐ.-டி சாக்கெட்டில் அந்த நான்கு துளைகளே இருக்காது.

ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. அடங்கிய 10 வரிசையிலிருந்து என்விடியா அனலாக் வெளியீட்டையே எடுத்துவிட்டது. எனவே கார்டில் இருந்தது டி.வி.ஐ.-டி. கடையில் இருந்த கனெக்டரோ பழைய டி.வி.ஐ.-ஐ கார்டுகளுக்கானது. நான்கு பின்கள் இடித்ததால் நுழையவில்லை. வெட்டிவிட்டார்கள், நுழைந்துவிட்டது. ஆனால் படத்தைச் சுமந்து போக வேண்டிய பின்களைத்தான் வெட்டியிருக்கிறார்கள். கதவு இடிக்கிறது என்று மாட்டின் காலை வெட்டி வண்டியைக் கொட்டகைக்குள் விட்டது போல. பிறகு வண்டி நகரவில்லை என்றால் யார் குற்றம்?

சரி, வயரை மதர்போர்டிலேயே மாட்டியபோது ஏன் டிஸ்பிளே போனது? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பெரும்பாலான போர்டுகளின் பயாஸில் முதலில் எந்த டிஸ்பிளேயை எழுப்புவது என்பதற்கு ஒரு செட்டிங் உண்டு. பிரைமரி டிஸ்பிளே, இனிட் டிஸ்பிளே ஃபர்ஸ்ட் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும். அது ஆட்டோவில் இருந்தால், ஸ்லாட்டில் கார்டு இருப்பது தெரிந்தவுடன் போர்டு தன் சொந்த கிராபிக்ஸை அணைத்துவிட்டுப் படத்தைக் கார்டுக்கு அனுப்பிவிடும். மதர்போர்டின் வி.ஜி.ஏ.யில் மாட்டிய மானிட்டர் இருண்டுபோகும். அதாவது போர்டு கார்டை எடுக்காததால் திரை இருளவில்லை. எடுத்துக்கொண்டதால்தான் இருண்டது! கடைக்காரர் எதைக் கோளாறுக்கு அடையாளம் என்று சொன்னாரோ, அதுதான் ஸ்லாட்டும் கார்டும் நலம் என்பதற்கு அடையாளம். போனில் அதைக் கேட்ட எனக்கும் அது உறைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் உதிரி பாகங்கள் விற்கும் கடையில் எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் 350 ரூபாய்க்குக் கிடைத்தது. பார்வைக்கு அதுவும் ஒரு துண்டு வயர்தான். ஆனால் உள்ளே டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் ஒரு சிப் இருக்கிறது. எச்.டி.எம்.ஐ. சாக்கெட்டிலிருந்து வரும் 5 வோல்ட்டில் அது வேலை செய்கிறது. வாங்கும்போது எந்தப் பக்கம் எது என்று கேட்டு வாங்குங்கள். வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறு பொருள், தலைகீழாக மாட்ட முடியாது.

கார்டை ஸ்லாட்டில் அழுத்தி, கடைசியில் இருக்கும் கொக்கி 'க்ளிக்' என்று விழும் வரை பார்த்தேன். கன்வெர்ட்டரை மாட்டி ஆன் செய்தேன். மதர்போர்டின் லோகோ வந்தது. தங்கச்சி பக்கத்தில் நின்று, "அண்ணா, அவ்வளவுதானா?" என்றாள்.

அவ்வளவுதான் இல்லை. போர்டு எடுத்துக்கொண்டது, விண்டோஸ் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எழுத்துக்கள் பெரிது பெரிதாகத் தெரிந்தன. டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்ற பிரிவைப் பார்த்தால் ஸ்டாண்டர்டு வி.ஜி.ஏ. கிராபிக்ஸ் அடாப்டர் என்று இருந்தது. விண்டோஸ் 8க்குப் பிந்தைய பதிப்புகளில் இதே இடத்தில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர் என்று காட்டும். பொருள் ஒன்றுதான். ஏதோ ஒரு கார்டு இருக்கிறது, அதற்கான டிரைவர் இல்லை, சமாளித்துக்கொண்டிருக்கிறேன் என்று விண்டோஸ் சொல்கிறது.

எந்தக் கார்டு என்று தெரியாதவர்கள் கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. அந்தப் பெயரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ், அதில் டீடெய்ல்ஸ் டேப், அதில் ஹார்ட்வேர் ஐடீஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வென் என்ற எழுத்துக்களுக்குப் பின்னால் 10டிஇ என்று இருந்தால் என்விடியா, 1002 என்றால் ஏ.எம்.டி., 8086 என்றால் இன்டெல். தேவ் என்பதற்குப் பின்னால் வருவது மாடலுக்கான எண். எங்களுடையதில் 1சி82 என்று இருந்தது, 1050 டி.ஐ.யின் எண் அது. டப்பாவில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதைவிட இந்த எண்ணை நம்பலாம், ஆனால் முழுவதும் அல்ல. பழைய, சக்தி குறைந்த கார்டுகளின் பயாஸைத் திருத்தி, புதிய மாடல் பெயர் காட்டும்படி செய்து ஆன்லைனில் விற்கும் மோசடி பல வருடங்களாக நடக்கிறது. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச புரோகிராம் 2018லிருந்து இத்தகைய போலி என்விடியா கார்டுகளைக் கண்டால் பெயருக்கு முன்னால் ஃபேக் என்றே காட்டிவிடுகிறது. செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன் இதை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

எங்கள் அடுத்த சிக்கல் விண்டோஸே. கடையில் 2013இல் போட்டுக் கொடுத்த 32 பிட் விண்டோஸ் 7 அப்படியே இருந்தது. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்துவிட்டது. என்விடியாவோ 32 பிட் சிஸ்டங்களுக்கு 390 என்ற டிரைவர் வரிசையோடு 2018லேயே நிறுத்திக்கொண்டது. பிளண்டரும் 64 பிட் கேட்கும். ஆகவே இன்னொரு 4 ஜிபி ராம் சேர்த்து, 64 பிட் விண்டோஸ் 10 போட்டேன். நெட் இணைப்பு கொடுத்தவுடன் விண்டோஸ் அப்டேட் தானாகவே ஒரு டிரைவரை இறக்கி நிறுவியது. கொஞ்ச நேரம் திரை இமைத்து, பிறகு எழுத்துக்கள் ஒழுங்காயின. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர் முழுதாக வந்தது.

நீங்கள் ஒரு கம்பெனி கார்டை எடுத்துவிட்டு வேறு கம்பெனி கார்டு போடுவதாக இருந்தால், முதலில் பழைய டிரைவரை நீக்கிவிடுங்கள். பாதி டிரைவர் இங்கே, பாதி அங்கே என்று கிடந்தால் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு டிவைஸ் மேனேஜர் உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

மாலை ஆறு மணிக்கு பிளண்டர் திறந்தது. தங்கச்சி ஒரு கோப்பையை வரைந்து, ஒளி எல்லாம் கொடுத்து ரெண்டர் பட்டனை அழுத்தினாள். இருபது செகண்டில் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடியும் ஆன் ஆனது. சித்தப்பா என்னைப் பார்த்தார். "போர்டு பழசுன்னு அப்பவே சொன்னாருப்பா" என்றார்.

இந்த முறை நான் போனில் இல்லை. கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்து எஸ்.எம்.பி.எஸ். லேபிளைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. கீழே சின்ன எழுத்தில் உள்ள பட்டியலில் 12 வோல்ட் என்ற கட்டத்தில் 14 ஆம்பியர் என்று இருந்தது. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான். 12ஐ 14ஆல் பெருக்கினால் 168 வாட். ஐ5 3470 பிராசசருக்கு 77, கார்டுக்கு 75, இரண்டும் சேர்ந்து 152. மீதி 16 வாட்டில் ஹார்ட் டிஸ்க் மோட்டாரும் ஃபேன்களும் ஓட வேண்டும். அதுவும் பதினோரு வயதான எஸ்.எம்.பி.எஸ். லேபிளில் போட்டதை அப்படியே தந்தால்தான். 450 என்ற எண்ணில் ஒரு பொய்யும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் நமக்கு வேண்டிய எண் அது இல்லை. கார்டு வாங்குமுன் உங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 12 வோல்ட் கட்டத்தைப் படித்துப் பெருக்கிப் பார்த்துவிடுங்கள். பெரிய கார்டுகளுக்கு ஸ்லாட் தரும் 75 வாட் போதாது. 6 பின் வயரில் இன்னும் 75, 8 பின் வயரில் 150 என்று கேட்கும். அந்த வயரை மாட்ட மறந்துவிட்டு "எடுக்கல" என்று சொல்பவர்களும் உண்டு.

நல்ல கம்பெனி எஸ்.எம்.பி.எஸ். ஒன்று 2,400 ரூபாய் ஆனது. அதற்குப் பிறகு ரெண்டர் முடிந்தது.

நான் போனில் கூறிய பயாஸ் தீர்ப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது முழுக்க கற்பனை இல்லை. கிராபிக்ஸ் கார்டுக்குள்ளேயே ஒரு சின்ன பயாஸ் இருக்கிறது. விண்டோஸ் வருவதற்கு முன் திரையை எழுப்புவது அதுதான். பழைய போர்டுகள் அதைப் பழைய பயாஸ் முறையில் கூப்பிடும், புதியவை யு.இ.எஃப்.ஐ. முறையில் கூப்பிடும். 2012இல் விண்டோஸ் 8 வந்த சமயத்திலிருந்து யு.இ.எஃப்.ஐ. பரவலானது. அதற்குப் பின் வந்த கார்டுகள் பெரும்பாலானவற்றில் இரண்டு முறையும் உண்டு. ஆனால் 2012க்கு முந்தைய கார்டு ஒன்றைப் புதிய போர்டில் போட்டால், சி.எஸ்.எம். என்ற செட்டிங் அணைந்திருக்கும்போது திரை வராது. எதிர்த்திசையிலும், சில எச்61 காலத்துப் போர்டுகள் பயாஸை அப்டேட் செய்த பிறகுதான் புதிய கார்டுகளை ஏற்கின்றன. போர்டு கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடலுக்கான பைல் கிடைக்கும். யு.பி.எஸ். இல்லாமல் மட்டும் அந்த வேலையில் இறங்காதீர்கள். பயாஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டு உண்மையிலேயே போய்விடும்.

என் தவறு, இருக்க முடிகிற காரணத்தைச் சொன்னது இல்லை. மலிவான காரணங்களைப் பார்த்து முடிக்கும் முன் விலை உயர்ந்த காரணத்துக்குத் தாவியது. நாலு வருடம் எஞ்சினியரிங் படித்தேன், ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தது லேப் தேர்வில் ஒரு முறை. சாஃப்ட்வேர் எழுதுபவனுக்கு ஹார்ட்வேர் தெரியும் என்று குடும்பத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனமில்லாமல் நாங்களும் அடித்து விடுகிறோம். உங்கள் வீட்டு எஞ்சினியர் போனில் சொல்வதையும் கொஞ்சம் சந்தேகத்தோடே கேளுங்கள்.

கடைக்காரரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். சித்தப்பாவுக்குக் கோபம் இருந்தது, எனக்கு இல்லை. அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். என்ன கோளாறு என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கண்டுபிடித்து, "வயரை மாத்துங்க, 350 ரூபாய்" என்று அவர் சொன்னால், "பார்த்ததுக்கு 300 ரூபாயா?" என்று நாம் சண்டை போடுவோம். பொருள் விற்றால் லாபம் தருகிறோம், மூளையைச் செலவழித்தால் கூலி தர மறுக்கிறோம். டாக்டருக்கு மருந்து எழுதாவிட்டாலும் ஃபீஸ் கொடுக்கிறோமே. பார்ப்பதற்கு இவ்வளவு என்று தொகை போடும் கடைகள் வர வேண்டும் என்பது என் ஆசை. அதை முணுமுணுக்காமல் கொடுக்கும் வாடிக்கையாளர்கள் வந்தால்தான் அப்படிப்பட்ட கடைகள் வரும்.

எனக்குக் கோபம் கார்டு டப்பாக்கள் மேல்தான். ட்ராகன் படம், ரோபோ படம், மின்னல் எல்லாம் போடுகிறார்கள். "வி.ஜி.ஏ. மானிட்டரில் நேரடியாக வேலை செய்யாது" என்று ஒரு வரி கண்ணில் படும்படி போட இடமில்லையா? சிறிய கார்டுகளை வாங்குவதே பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள்தான். ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6400 சின்ன கார்டுதான், ஆனால் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 4.0இன் நான்கு வழிகளை மட்டுமே பயன்படுத்துகிறது. பழைய 3.0 ஸ்லாட்டில் போட்டால் வேகம் குறைகிறது. 2022இல் வந்த இன்டெல் ஆர்க் கார்டுகள் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத பழைய போர்டில் தடுமாறுகின்றன. இவற்றையெல்லாம் பணம் கொடுத்த பிறகு தெரிந்துகொள்வதா?

ஒரு பழைய கம்ப்யூட்டரை எவ்வளவு காலம் இழுக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. ஐ5 3470 விண்டோஸ் 11க்கான பிராசசர் பட்டியலில் இல்லை. 10 வரிசைக் கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் வருவதை என்விடியா அதே 2025 அக்டோபரோடு நிறுத்தி, பாதுகாப்புக்கான அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை தருவதாக அறிவித்தது. ஆகவே இன்று யாராவது என்னிடம் கேட்டால், பழைய டெஸ்க்டாப்புக்காக 10,000 ரூபாய் கொடுத்துப் புதுக் கார்டு வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். ஐயாயிரத்துக்குள், தெரிந்தவர் கையிலிருந்து வாங்குவதானால் சரி.

சித்தப்பா வீட்டில் ராம், எஸ்.எம்.பி.எஸ்., கன்வெர்ட்டர், கார்டு எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்குள் முடிந்தது. சீட்டுப் பணத்தில் மீதியைத் தங்கச்சியின் அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்குக் கட்டினார். அப்பத்தாவின் படங்கள் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பும் முன் அந்தக் கடைக்குப் போய், பின் வெட்டிய கனெக்டரைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று முதலில் நினைத்தார் போலும், கை கட்டிக்கொண்டு நின்றார். பிறகு கனெக்டரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன மாசம் ஒரு கார்டை இதே மாதிரி திருப்பி அனுப்பிட்டேன் தம்பி" என்றார். கன்வெர்ட்டர் எந்தக் கடையில் கிடைத்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அடுத்த முறை போனபோது அவருடைய கண்ணாடி அலமாரியில் அதே கன்வெர்ட்டர் ஐந்து தொங்கிக்கொண்டிருந்தது. விலை 450 ரூபாய்.